நாலாவது கட்டம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் காலை ஏழரைக்குச் செருப்புச் சத்தம் ஆரம்பிக்கும். முதலில் வருவது சயான் ஆஸ்பத்திரி நர்ஸ். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வருவாள். அடுத்தது கோட்டையில் பாங்க் வேலை பார்க்கும் பெண், இடுப்பில் குழந்தை, தோளில் இரண்டு பை. குழந்தையை என்னிடம் நீட்டும்போதே அவள் காது கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் பக்கம் திரும்பியிருக்கும். வடாலாவில் இருந்து வண்டி வரும் சத்தம் எங்கள் பால்கனிக்குக் கேட்கும். எட்டு மணிக்குள் ஏழெட்டு ஜோடிக் குட்டிச் செருப்புகள் வாசலில் சேர்ந்துவிடும்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1988-ல். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே என் மாமியார் இதை ஆரம்பித்துவிட்டார். திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. 1969-ல் பாங்குகள் தேசியமயமான பிறகு மாட்டுங்கா பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். எதிர் ஃப்ளாட் பெண்ணுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது, ஆறு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு விழித்தாள். "இங்க விட்டுட்டுப் போயேன், நான் எங்க போகப் போறேன்" என்றாராம் அம்மா. (மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் பாட்டி.) அந்த ஒன்று நாலாகி, நாலு ஒன்பதானது. மராட்டிக்காரர்கள் இதைப் பாள்ணாகர் என்பார்கள். பாள்ணா என்றால் தொட்டில். தொட்டில் வீடு. எங்கள் வீட்டில் தொட்டில் ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் புடவைத் தூளி, பாய், அம்மாவின் மடி. கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு ஜனங்கள் காத்திருப்பார்களே, அந்த மாதிரி எங்களுக்கும் கர்ப்பம் உறுதியான கையோடு பெயர் சொல்லி வைத்தவர்கள் உண்டு.

நான் வந்ததும் கையாளானேன். சாதம் குழைப்பது, துணி அலசுவது, தூங்காத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று வட்டப் பூங்காவைச் சுற்றும் வண்டிகளைக் காட்டுவது. அதற்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் வைத்துப் பல காலம் ஆகிறது, யார் சொல்கிறார்கள்? இரண்டு பிள்ளை பெற்றேன். குழந்தை வளர்ப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு போனது 1997 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். நர்ஸின் பெண்ணுக்கு, எட்டு மாதம், காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அம்மா வழக்கம்போல அரிசிக் கஞ்சித் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். டியூட்டி முடிந்து வந்தவள் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். அடிவயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "காலைலேர்ந்து எத்தனை தடவை மூத்திரம் போனா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. நாற்பது துணி அலசியிருக்கிறேன். எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டுப் பழகிய குரல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். இரண்டு நாளில் சரியாகி வந்துவிட்டது. மறுநாளே நான் ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கினேன். ஆனால் அதில் என்னென்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை. படிக்கப் போனது அதனால்தான்.

அப்போது வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்பவளுக்கு என்று ஒரு படிப்பு தேடுவது லேசில்லை. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் பால்வாடிகள் நடத்தி வழிகாட்டிய மாநிலம். மாண்டிசோரி ஆசிரியைப் பயிற்சிகள் இருந்தன. ஆனால் அவை மூன்று வயதுக்கு மேலே. தவழும் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் அகப்பட்டது இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் தபால்வழி டிப்ளமோ. பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். மூன்று பாடம், ஒரு செய்முறைத் திட்டம், மொத்தம் 32 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரப் படிப்பு என்று கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 960 மணி நேரம். அப்போது ஒரு வருஷத்தில் முடிக்கலாம், நாலு வருஷம் வரை இழுக்கலாம் என்றிருந்தது. நான் இரண்டரை இழுத்தேன்.

"பிள்ளையப் பாத்துக்கறதுக்குப் பரீட்சையா?" என்றார் அம்மா. "அப்போ நான் ஃபெயிலா?"

எழுத்து வேலைகளில் எனக்கு அதிகம் உதைத்தது, ஒரு குழந்தையை அரை மணி நேரம் பார்த்து எழுதும் பயிற்சிதான். முதலில் எழுதியது சிவப்பு மசியோடு திரும்பி வந்தது. 'மதியம் சாப்பிட அடம் பிடித்தாள்' என்று எழுதியிருந்தேன். அடம் என்பது உங்கள் கருத்து, அவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள் என்றார்கள். மறுபடி உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தூக்காமல், ஊட்டாமல், சும்மா பார்த்துக்கொண்டு. அது என் உடம்புக்கே பழக்கமில்லாத காரியம். எழுதினேன்: 'தட்டை மூன்று தடவை தள்ளினாள். நாலாம் தடவை தட்டைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள். அது சாத்திக்கொண்டதும் உட்கார்ந்தாள்.' எழுதி முடித்துப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. தன் அம்மா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் வாயில் நான் ஒரு மாதமாகத் தயிர்சாதத்தைத் திணித்திருக்கிறேன். அன்றிலிருந்து அவளுக்கு வாசல் தெரியாத மூலையில் தட்டு வைத்தேன். சாப்பிட்டாள். இதைக் கண்டுபிடிக்க 960 மணி நேரம் வேண்டுமா என்று கேட்டால், எனக்கு வேண்டியிருந்தது.

வளர்ச்சிப் படிகள் என்ற அட்டவணையை நான் உரக்கப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, மாமனார் ஈஸிசேரிலிருந்து சிரித்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தும் என்று உன் புத்தகம் சொல்கிறதா, அதுதான் செங்கீரை என்றார். ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கை கொட்டுமா, சப்பாணி. வருஷம் திரும்பி நடந்து வருமா, வருகைப் பருவம். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு மாதமாக வைத்த கணக்கு அது. நான் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளைத்தமிழில் குழந்தை முருகன், மீனாட்சி, பருவம் தவறாது. ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தைக்கு என்ன செய்வது என்று அட்டவணைதான் சொன்னது. எங்களிடம் வந்த ஒரு பையன் விஷயத்தில் அது உதவியது. அவன் அம்மாவிடம் அதை எப்படிச் சொன்னேன் என்பது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

செய்முறைக்காகத் தாராவியில் ஒரு அங்கன்வாடிக்குச் சில நாட்கள் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பத்து வருஷம் பக்கத்தில் இருந்தும் தொண்ணூறடி ரோட்டில் கால் வைத்ததில்லை, அதுவும் ஒரு வெட்கம். பத்துக்குப் பத்து அறை, முப்பது குழந்தைகள். சேவிகா மராட்டிக்காரி, மதத்னீஸ் என்கிற உதவியாளர் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா. உத்தரத்தில் தொங்கும் தராசில் குழந்தையைக் கால்சட்டை மாதிரி ஒரு துணியில் மாட்டி நிறுத்து, அட்டையில் வண்ணக் கோடுகளுக்கு நடுவே புள்ளி வைப்பார்கள். புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கினால் சேவிகாவின் முகமும் இறங்கும். "தராசு பொய் சொல்லாது பாத்துக்கோங்க. ஆத்தாமாரு சொல்லுவாவ, நல்லாத் திங்கான்னு" என்றார் அந்த அம்மா. 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்த திட்டம் அது. சேவிகாவுக்குப் பயிற்சி உண்டு, பதிவேடு உண்டு, மேற்பார்வை உண்டு. சம்பளம் என்ற சொல் மட்டும் கிடையாது. மானதன் என்பார்கள், மதிப்பூதியம். பயிற்சி கட்டாயமாக இருக்கிற இடத்தில் காசு இல்லை. காசு வாங்குகிற எங்களைப் போன்றவர்களிடம் பயிற்சியை யாரும் கேட்பதில்லை. திரும்பி நடந்து வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதலுதவி வேறு இடத்தில், கோட்டைப் பகுதியில், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்பில் கற்றேன். கூட இருந்தவர்கள் எல்லாம் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆட்கள். எலும்பு முறிவும் மின்சாரம் தாக்குவதும் அவர்களுக்கு. கடைசியில் ஒரு ரப்பர் குழந்தை வந்தது எனக்கு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, முதுகில் ஐந்து தட்டு. வராவிட்டால் திருப்பிப் போட்டு மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதே. இருமிக்கொண்டிருந்தால் தொடாதே, இருமட்டும். நம் வீட்டு வைத்தியம் உங்களுக்குத் தெரியும். புரையேறினால் உச்சந்தலையில் ரெண்டு தட்டு, "யாரோ நெனச்சுக்கறா." அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "யாரும் நெனச்சுக்கறதில்லையா அப்போ?" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

அவரோடு பெரிய சண்டை வசம்பில்தான் வந்தது. சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவாமல் ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பது? ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்றாள் நர்ஸ். அவள் வேலை பார்த்த அதே சயான் ஆஸ்பத்திரியில்தான் 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஆரம்பித்திருந்தார். பிழிந்த பாலை எதில் ஊற்றி, எத்தனை மணி நேரம், எங்கே வைப்பது என்று எனக்குப் புத்தகத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆனால் நான் படித்த காலத்தில் இணை உணவு தொடங்க நாலிலிருந்து ஆறு மாதம் என்றிருந்தது. 2001-ல்தான் உலக சுகாதார நிறுவனம் ஆறு என்று தீர்த்துச் சொன்னது. அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். "உன் புத்தகமே மாத்தி மாத்தி எழுதறதே! என் ஏத்தங்காய்ப் பொடி அன்னிக்கும் அதே, இன்னிக்கும் அதே." பாலக்காட்டிலிருந்து வரவழைத்த பொடியில் அவர் கிண்டும் கூழை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை, ஆறு மாதத்துக்குத் தள்ளிப் போட்டேன், அவ்வளவே. வசம்பு மட்டும் போயிற்று. போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் காலமான பிறகு பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், நுனி கருகிய ஒரு துண்டு கிடைத்தது.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார் என் கணவர். பார்த்தவர்கள் எல்லாம் அதற்குப் பக்கத்தில் இருந்த குருவாயூரப்பன் படத்தைத்தான் கும்பிட்டார்கள். பெற்றோர் கேட்டதெல்லாம் மாதம் எவ்வளவு, சனிக்கிழமை உண்டா, தமிழ் பேசுவீர்களா ஹிந்தியா. எந்த அலுவலகமும் எங்கள் படியேறி வந்து நீ யார், என்ன படித்தாய் என்று கேட்டதில்லை. 2016 நவம்பரில் கார்கரில் ஒரு காப்பகத்தில் பணிப்பெண் பத்து மாதக் குழந்தையை அடித்த படம் டிவியில் ஓடியபோது, அடுத்த வாரமே மூன்று பெற்றோர் வந்தார்கள். "மாமி, காமிரா வைக்கலாமே?" சான்றிதழுக்கு நேர் கீழே நின்றுகொண்டு கேட்டார்கள். வைத்தேன். காமிரா நடந்ததைக் காட்டும், நடக்கப் போவதைத் தடுப்பதற்கு ஆளல்லவா வேண்டும்? 2017-ல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு ஒரு கம்பெனி ஆள் வந்து முதல் முறையாக என் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தார். எனக்கு அப்போது மூட்டு வலி தொடங்கியிருந்தது.

எங்கள் தூளியில் வளர்ந்த ஒரு பெண் இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். அவளும் வீட்டில் குழந்தைகள் பார்த்துக்கொள்ளப் பதிவு செய்யப் போகிறாளாம். அங்கே ஆஃப்ஸ்டெட் என்கிற அரசு மேற்பார்வை அமைப்பில் பதிவு, போலீஸ் சரிபார்ப்பு, பன்னிரண்டு மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சி, அதையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எட்டு வயதுக்குள் ஆறு பேருக்கு மேல் கூடாது, சொந்தப் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. அதில் கைக்குழந்தை ஒன்றுதான். "பாட்டி எத்தனை பேரை வெச்சிண்டிருந்தா மாமி?" என்று போனில் கேட்டாள். ஒரு தீபாவளிச் சமயத்தில் பதினொன்று என்றேன். "ஐயோ, ஜெயில்தான்" என்று சிரித்தாள்.

நான் எட்டோடு நிறுத்திக்கொண்டது 2004-ல். அந்த ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் சமையலறைக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் எத்தனை கதவு, எது எந்தப் பக்கம் திறக்கும், காஸ் சிலிண்டரிலிருந்து தூளிக்கு எத்தனை அடி என்று அளந்தேன். சமையலறை வாசலுக்கு முழங்கால் உயரத் தடுப்பு போட்டது மறுநாள். அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரூல் போட்ட அந்த நோட்டு டிப்ளமோ முடிவதற்குள் பெரிய பதிவேடாகிவிட்டது. சேர்க்கைப் பக்கத்தில் ஐந்து கட்டம். முதலாவது பெயர், பிறந்த தேதி. இரண்டாவது தடுப்பூசி. மூன்றாவது ஒவ்வாத உணவு, டாக்டர் போன். நாலாவது, குழந்தையை யார் யாரிடம் கொடுக்கலாம். ஐந்தாவது கையெழுத்து. நாலாவது கட்டம், டிப்ளமோவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பாடம் எடுக்க வந்த ஒரு அம்மையாரின் பிடிவாதம். "தெரிந்த முகம் என்பது காரணம் இல்லை, எழுதிய பெயர்தான் காரணம்" என்பார். மாட்டுங்காவில் இது எவ்வளவு அபத்தமாகத் தோன்றும் என்று அவருக்குத் தெரியாது. இங்கே யாருக்கு யாரைத் தெரியாது? பூ வாங்கப் போகிற இடத்தில் பார்த்த மாமா வந்து தூக்கிக்கொண்டு போவார், பக்கத்து வீட்டுப் பாட்டி வருவாள். பெற்றோர் அந்தக் கட்டத்தில் தங்கள் இருவர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள்.

2005 ஜூலை 26. மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் இடிந்து விழுந்தது. சாந்தாகுரூஸில் அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் என்று பிறகு படித்தோம். கிங்ஸ் சர்க்கிளுக்கு மழைத் தண்ணீர் புதிதில்லை, காந்தி மார்க்கெட் முன்னால் வருஷா வருஷம் முழங்கால் அளவு நிற்கும். அன்று பஸ்ஸின் ஜன்னல் வரை நின்றது. நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று, பிறகு போன். ஏழு குழந்தைகளில் பக்கத்துத் தெருக் குழந்தைகள் மூன்றை எப்படியோ வந்து தூக்கிப் போனார்கள். நாலு தங்கிவிட்டன. இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு பெரிய அடுக்கு நிறையத் தயிர்சாதம்.

ராத்திரி எட்டரைக்குக் கதவு தட்டினார்கள். முழுக்க நனைந்த ஒரு இளைஞன். ஒரு கையில் செருப்பு. செம்பூரிலிருந்து நடந்தே வந்தானாம், சயானில் தண்ணீர் கழுத்தைத் தொட்டதாம். அந்தேரியில் மாட்டிக்கொண்ட அக்கா, போன் இருக்கும்போதே சொன்னாளாம், என் குழந்தையைப் போய்ப் பார் என்று. ஒன்றரை வயதுப் பெண். "நான் அவளோட மாமா. தூக்கிண்டு போறேன்."

நான் அவனை முன்பு பார்த்ததில்லை. பதிவேட்டை எடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலாவது கட்டத்தைப் பார்த்தேன். இரண்டே பெயர், அவன் பெயர் இல்லை. "உங்க பேர் இதுல இல்லை. குழந்தையைத் தர முடியாது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மேடம், நான் செம்பூர்லேர்ந்து நீந்தி வந்திருக்கேன்."

"தெரியறது. முடியாது."

அம்மா உள்ளேயிருந்து வந்தார். "பாவி, அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாரு, அப்படியே கொழந்தை ஜாடை. ஒனக்குக் கண் இல்லையா?" ஜாடை இருந்தது. நிச்சயமாக இருந்தது. குழந்தை வேறு அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அந்தக் குழந்தை பால்காரனுக்கும் கை நீட்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், எழுதி வைத்திருக்கிறேன். என் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை அம்மையார், 960 மணி நேரம் எல்லாம் வாசலில் நிற்கிறதாக இருந்தது. அந்த வெள்ளத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு அவன் எங்கே போவான் என்பது எனக்கு அப்போது தோன்றக்கூட இல்லை. பிறகு எல்லோரும் அதைச் சொல்லித்தான் என்னைப் பாராட்டினார்கள். உண்மையில் நான் பார்த்தது கட்டத்தை மட்டும்தான்.

அம்மா அவனுக்கு மாமனாரின் வேஷ்டி கொடுத்தார், காபி கொடுத்தார். ஹாலில் எங்கள் கண் முன்னால் அவன் மடியில் குழந்தை தூங்கியது. நான் எதிரில் சுவரில் சாய்ந்து ராத்திரி முழுக்க முழித்திருந்தேன். அவனும் தூங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா தண்டவாளம் வழியாக நடந்து வந்து சேர்ந்தாள், கால் இரண்டும் புண். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்து, "ஐயோ மாமி, அவன் பேரை எழுத விட்டுப்போச்சு" என்றாள். அவன் வேஷ்டியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, இன்னும் ஈரமாக இருந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவை மட்டும் நமஸ்கரித்துவிட்டுப் போனான். அக்கா அந்த வாரமே அவன் பெயரை எழுதினாள். அவன் ஒருநாளும் வரவில்லை.

2011-ல் வந்தான். இப்போது மாட்டுங்காவிலேயே வீடு. ஏழு மாதப் பெண், கூட மனைவி. நான் அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவனும்தான். பதிவேட்டை நீட்டினேன். மனைவி மளமளவென்று மூன்று கட்டம் நிரப்பிவிட்டு, நாலாவதில் இரண்டு பெயர் எழுதிக் கையெழுத்துக்குப் போனாள். அவன் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினான். தன் அம்மா பெயர், மாமியார் பெயர், அக்கா பெயர், அத்திம்பேர் பெயர், கீழ் ஃப்ளாட்டுக்காரர் பெயர் என்று கட்டம் தாண்டி ஓரத்தில் எழுதிக்கொண்டே போனான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

"போட்டோவும் ஒட்டணுமா மாமி?"